பழைய காமிராவுக்குப் புதிய மின்கலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கப் பாடலையும் சிறுகதையையும் பற்றிப் பேசிப் பழகிய இந்த மேடையில், பொத்தான் அளவேயுள்ள ஒரு மின்கலத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு இசைவு தந்திருக்கிறீர்கள். இலக்கிய வட்டத்தில் மின்கலத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் பழையதைக் காப்பது எப்படி, எந்த அளவுக்கு மாற்றிக் காப்பது, மாற்றக்கூடாத இடம் எது என்னும் கேள்விகள் இலக்கியத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சுவடியைக் கையில் எடுத்த பதிப்பாசிரியருக்கு வந்த கேள்விகளே, பழைய காமிராவைக் கையில் எடுத்தவனுக்கும் வருகின்றன. அந்த உரிமையை எடுத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

நம் புறநகர் வீடுகள் பலவற்றில், பட்டுப் புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் நடுவே, பீரோவின் மேல்தட்டில் தோல் உறையோடு ஒரு காமிரா உறங்கிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த காமிரா அது. அல்லது, பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு வீட்டுத் தலைவர் வாங்கியதாக இருக்கும். மினோல்ட்டா எஸ்.ஆர்.டி. 101, கேனன் கேனனெட், ஒலிம்பஸ் ஓ.எம். 1, யாஷிகா எலெக்ட்ரோ 35, ஆசாஹி பெண்டாக்ஸ் என்று அவற்றின் பெயர்கள் ஒரு தலைமுறைக்கு மந்திரம் போல் ஒலித்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றின் ஷட்டர் இன்றும் துல்லியமாகத் திறந்து மூடும். கண்ணாடியில் பூஞ்சை படியாதிருந்தால் படம் கூர்மையாக விழும். ஆனால் ஒளியை அளந்து சொல்லும் முள் மட்டும் அசையாது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "இந்த பேட்டரி இப்போ வராதுங்க" என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடும். வராது என்பது உண்மைதான். ஏன் வராது, வராமற்போனது நல்லதா கெட்டதா, அதற்கு மாற்று உண்டா என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட இந்தக் காமிராக்களின் ஒளிமானியில் காட்மியம் சல்பைடு என்னும் பொருளால் ஆன ஒரு சிறு வில்லை இருக்கிறது. ஒளி படும்போது அதன் மின்தடை குறையும், இருளில் கூடும். மின்கலம், இந்த வில்லை, ஒரு முள் ஆகிய மூன்றையும் ஒரே சுற்றில் இணைத்துவிட்டால், ஒளிக்கு ஏற்ப முள் விலகும். மிக எளிய ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மின்கலத்தின் அழுத்தம் மாறாமல் இருந்தால்தான், முள்ளின் விலகல் ஒளியை மட்டும் சொல்லும். அழுத்தமும் மாறிக்கொண்டே போனால், முள் சொல்வது ஒளியின் கணக்கா மின்கலத்தின் கணக்கா என்று பிரித்தறிய முடியாது.

அந்த நிபந்தனையை நிறைவேற்றியது பாதரச மின்கலம். சாமுவேல் ரூபன் என்னும் அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அதை உருவாக்கினார். வெப்ப நாடுகளின் புழுக்கத்தில் வழக்கமான மின்கலங்கள் கெட்டுப்போனமையால், போர்க்களக் கருவிகளுக்கு வேறொன்று தேவைப்பட்டது. ஒரு புறம் துத்தநாகம், மறுபுறம் பாதரச ஆக்சைடு, இடையே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகம் ஆக்சைடாகும். பாதரச ஆக்சைடு பாதரசமாக மாறும். இடையிலுள்ள காரமோ செலவாவதில்லை. எனவே முதல் நாளில் 1.35 வோல்ட் கொடுத்த மின்கலம், உயிர் போகும் தறுவாய் வரை ஏறத்தாழ அதே 1.35 வோல்ட்டைக் கொடுக்கும். பிறகு திடீரென்று அணையும். காமிரா செய்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அழுத்தத்தைச் சீராக்கும் தனிச் சுற்று எதுவும் இல்லாமல், மின்கலத்தையே அளவுகோலாக நம்பி ஒளிமானிகளை அமைத்தார்கள். பி.எக்ஸ். 625 என்ற பெயருடைய, ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அந்த மின்கலம், மினோல்ட்டாவுக்கும் ஒலிம்பஸுக்கும் கேனனுக்கும் ரோலை 35க்கும் லைக்கா எம் 5க்கும் பொதுச் சொத்தாயிற்று.

அந்த மின்கலத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதரசம்.

பாதரசம் தமிழருக்குப் புதிய பொருளன்று. இரசவாதம் என்ற சொல்லே அதைச் சுற்றிப் பிறந்தது. சூதம் என்றும் இரசம் என்றும் பெயரிட்டு, அதைக் கட்டுவதையும் சுத்தி செய்வதையும் பற்றிச் சித்த மருத்துவ மரபு நிறையப் பேசியிருக்கிறது. அது அடங்காத பொருள், எச்சரிக்கையோடு அணுக வேண்டிய பொருள் என்ற உணர்வு அந்த மரபில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளுக்குத்தான் அந்த எச்சரிக்கை மறந்துபோயிற்று.

ஜப்பானின் மினமாட்டா நகரத்து விரிகுடாவில், ஓர் இரசாயன ஆலை பாதரசக் கழிவைப் பல்லாண்டுகள் கலந்துவிட்டது. மீன் வழியே அது மனிதரை அடைந்தது. 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கைகால் நடுக்கம், பார்வைக் குறைவு, பேச்சுக் குளறல், கருவிலேயே நஞ்சேறிப் பிறந்த குழந்தைகள் என்று அதன் விளைவுகள் தொடர்ந்தன. இவற்றை உலகத்தின் கண்முன் வைத்தவர் யூஜின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 1971 முதல் அவரும் அவர் மனைவி ஐலீனும் அங்கேயே தங்கிப் படம் எடுத்தார்கள். 1972 ஜனவரியில் அவர் தாக்கப்பட்டுக் கடுமையாகக் காயமுற்றார். 1975இல் அந்தப் படங்கள் நூலாக வந்தன.

இதில் ஒரு செய்தியை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஸ்மித் மினமாட்டாவில் பயன்படுத்திய காமிராக்களில் மினோல்ட்டா எஸ்.ஆர்.டி. 101 ஒன்று. நம் பீரோக்களில் உறங்கும் அதே காமிரா. அதன் ஒளிமானி எதைக் கொண்டு இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது தெரியுமா? பாதரச மின்கலத்தைக் கொண்டுதான். பாதரசத்தின் கொடுமையைச் சாட்சி சொன்ன கருவியின் வயிற்றிலேயே பாதரசத்துக்கு ஓர் அறை இருந்தது. இதற்காக அந்தக் கலைஞரையோ அந்தக் காமிராவையோ குறை கூற முடியாது. ஒரு காலத்தின் அறிவும் அறியாமையும் ஒரே பெட்டிக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மினமாட்டா தொலைவில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நம் கொடைக்கானலில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 1980களில் இயங்கத் தொடங்கியது வெப்பமானி செய்யும் ஓர் ஆலை. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு அவ்வூர்ப் பழைய பொருள் கடையொன்றில் கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது, மக்கள் போராடினார்கள், ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலைக்காட்டின் மண்ணில் இறங்கிய பாதரசம் எந்த உடன்பாட்டுக்கும் கட்டுப்பட்டு வெளியேறிவிடாது.

உலக நாடுகளும் மெல்ல விழித்துக்கொண்டன. 1996இல் அமெரிக்கா சட்டம் இயற்றிப் பாதரச ஆக்சைடுப் பொத்தான் மின்கலங்களின் விற்பனையைத் தடுத்தது. ஐரோப்பிய நாடுகளும் அவ்வழியே சென்றன. 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் மினமாட்டா என்ற பெயரையே தாங்கிய உடன்படிக்கை உருவாகி, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. ஆகவே கடைக்காரர் சொல்லும் "வராது" என்ற சொல்லுக்குப் பின்னால், இத்தனை மனிதர்களின் துன்பமும் இத்தனை ஆண்டுகளின் போராட்டமும் இருக்கின்றன. பழைய காமிராவின் மீது பற்றுள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மின்கலம் வராமற்போனது நல்லது. எங்கோ பழைய இருப்பில் இரண்டு மூன்று கிடைக்கின்றன என்று தேடி அலைய வேண்டாம்.

அப்படியானால் காமிராவைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சிக்கல் இரண்டே இரண்டு. ஒன்று அளவு, மற்றொன்று அழுத்தம்.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். அதே அளவில் இன்று எளிதில் கிடைப்பது ஆல்கலைன் மின்கலம். அதன் தொடக்க அழுத்தம் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேல். 1.35க்கு அமைத்த சுற்றில் 1.5 பாய்ந்தால், முள் கூடுதலாக விலகும். முள் கூடுதலாக விலகினால், ஒளி அதிகம் என்று காட்டும். ஒளி அதிகம் என்று நம்பி நாம் துவாரத்தைச் சுருக்குவோம், அல்லது ஷட்டரை விரைவாக்குவோம். பிலிமுக்கு வேண்டிய ஒளி கிட்டாமல் படம் இருளும். முகத்தில் கண்குழியும் கருங்கூந்தலும் ஒரே கறுப்பாகிவிடும். இந்தப் பிழை காமிராவுக்குக் காமிரா வேறுபடும். அரை ஸ்டாப்பும் இருக்கலாம், ஒரு ஸ்டாப்புக்கு மேலும் போகலாம். வெயிலில் ஓர் அளவு, நிழலில் வேறோர் அளவு என்று இருப்பதும் உண்டு. அத்துடன் ஆல்கலைன் மின்கலத்தின் அழுத்தம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே வரும். இன்று இருட்டாக எடுத்த காமிரா, சில மாதங்களில் சரியாக எடுக்கும், பிறகு வெளிறிப்போக எடுக்கும். தவறான கடிகாரத்தையாவது இத்தனை நிமிடம் வேகம் என்று கணக்கு வைத்துத் திருத்திக்கொள்ளலாம்; நாள்தோறும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகாரத்தை என்ன செய்வது? இவற்றுக்கெல்லாம் மேலாக, மறந்துபோய் உள்ளேயே விட்டுவிட்ட ஆல்கலைன் மின்கலம் காரத்தைக் கசியவிட்டு, தகட்டையும் கம்பியையும் அரித்துவிடும்.

நல்ல வழிகள் மூன்று இருக்கின்றன.

முதல் வழி, காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாக-காற்று மின்கலம். காற்றிலுள்ள ஆக்சிஜனே இதில் ஒரு முனையாக வேலை செய்கிறது. இதன் அழுத்தம் ஏறத்தாழ 1.4 வோல்ட், ஒளிமானியில் இயங்கும்போது பாதரச மின்கலத்துக்கு மிக அருகில் வந்துவிடும், கடைசிவரை சீராகவும் இருக்கும். 675 என்ற எண்ணும் நீல நிற ஒட்டுத்தாளும் இதன் அடையாளம். காது கருவி விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது, பாதரசம் இல்லை என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டுத்தாளைப் பிரித்ததும் சில நிமிடங்கள் காற்றாட வைத்துவிட்டுப் பிறகு போட வேண்டும். இதன் குறை என்னவென்றால், பிரித்த நாள் முதல் அது மூச்சுவிடத் தொடங்கிவிடுகிறது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் அடங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் அது உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் விலை குறைவு. கோயில் திருவிழாவுக்கும் குடும்ப விழாவுக்கும் மட்டும் காமிராவை எடுப்பவருக்கு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று போடுவது ஒரு சுமையன்று.

இரண்டாவது வழி, வெள்ளி ஆக்சைடு மின்கலம். இதன் அழுத்தம் 1.55 வோல்ட். பாதரச மின்கலத்தைப் போலவே கடைசிவரை சரியாமல் நிற்கும், நெடுநாள் உழைக்கும். கூடுதலாக உள்ள 0.2 வோல்ட்டை மட்டும் இறக்கிவிட வேண்டும். ஒருவழிப் பாதை போல மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு என்னும் சிறு உறுப்பு, தன்னைக் கடப்பதற்குச் சுங்கம் போலச் சிறிது அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண சிலிக்கன் டயோடு 0.6 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொண்டுவிடும். அது நமக்கு ஆகாது. ஷாட்கி டயோடு என்ற வகை 0.2 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுவே. சென்னை ரிச்சி தெருவில் உதிரி உறுப்புகள் விற்கும் கடைகளில் கேட்டால், அரிசிமணி அளவில் ஒன்றை எடுத்துத் தருவார்கள். மின்கல அறையிலிருந்து சுற்றுக்குப் போகும் கம்பியின் இடையே அதைப் பற்றவைக்க வேண்டும். வெளிச்சம் குறைந்து மின்னோட்டம் மெலியும்போது, டயோடு எடுத்துக்கொள்ளும் அழுத்தமும் சற்றுக் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டயோடை உள்ளடக்கிய ஆயத்தக் கூடுகளையே ஜப்பானில் செய்து விற்றிருக்கிறார்கள். நம் ஊர் விலைக்கு அவை கட்டுப்படியாவதில்லை.

மூன்றாவது வழி, காமிராவைத் திறந்து, ஒளிமானிச் சுற்றையே புதிய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்துவது. இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. காமிராவைத் திறக்காமலேயே, பிலிமின் வேகத்தைக் குறிக்கும் வட்டில் 100க்குப் பதில் 64 என்றோ 50 என்றோ வைத்துச் சரிக்கட்டுவோரும் உண்டு. வெயிலில் அது ஒத்துவரலாம். எல்லா ஒளியிலும் ஒத்துவரும் என்று உறுதி கூற முடியாது.

இவை எதுவும் தேவைப்படாத காமிராக்களும் இருக்கின்றன. 1964இல் வந்த பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் ஒளிமானி, தராசின் இரு தட்டுகளைப் போல இரு பக்கங்களை ஒப்பிட்டுச் சமன் காணும் பாலச் சுற்றால் ஆனது. இரு தட்டிலும் ஒரே விகிதத்தில் கூடினால் தராசு சாயாது அல்லவா? அதுபோல மின்கலத்தின் அழுத்தம் கூடினாலும் அதன் கணக்கு தவறுவதில்லை. அளவு பொருந்தும் வெள்ளி ஆக்சைடு மின்கலத்தை நேரே போட்டுவிடலாம். ரஷ்யாவிலிருந்து வந்த ஜெனிட் இ காமிராவுக்கோ மின்கலமே வேண்டாம்; ஒளி பட்டால் தானே மின்சாரம் பிறப்பிக்கும் செலினியம் தகடு அதில் உண்டு. யாஷிகா எலெக்ட்ரோ 35 வேறு வகை. 1966இல் வந்த அதன் ஷட்டரே மின்சாரத்தால் இயங்குவது. நான்கு பாதரசக் கலங்கள் சேர்ந்த 5.6 வோல்ட் கட்டு அதற்கு வேண்டும். இன்றைய 6 வோல்ட் ஆல்கலைன் அல்லது வெள்ளி ஆக்சைடுக் கட்டு அதைவிடக் குட்டை, ஒல்லி. அட்டைக் குழாயில் செருகி, மிச்ச இடத்தைப் பித்தளைத் துண்டாலும் ஸ்பிரிங்காலும் நிரப்பினால் போதும். அழுத்தத்தில் உள்ள சிறு வேறுபாட்டை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது.

இனி அளவுச் சிக்கல். இங்கேதான் அம்பத்தூர் வருகிறது.

பி.எக்ஸ். 625 மின்கலம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் விட்டம். அதன் இடத்தில் நாம் போட நினைக்கும் 675 மின்கலமோ 11.6 மில்லிமீட்டர் விட்டம், 5.4 மில்லிமீட்டர் உயரம். பெரிய அறையில் சிறிய மின்கலம் உருளும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். உள்விட்டம் 11.7, வெளிவிட்டம் அறைக்குள் தளர்வாக இறங்கும் அளவுக்கு 15.5 என்று ஒரு பித்தளை வளையத்தைக் கடைந்தெடுத்தால் முதல் பாதி முடிந்தது. உயரத்தில் குறையும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவை, மெல்லிய பித்தளைத் தகட்டு வில்லை ஒன்று ஈடு செய்யும். காற்று மின்கலத்தின் துளைகள் உள்ள பக்கத்தை அந்த வில்லை முழுதும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் மின்கலம் மூச்சுத் திணறும். பல காமிராக்களில் மின்கலத்தின் பக்கச் சுவரே நேர்முனைத் தொடர்பாக இருக்கும். அவற்றுக்கு ரப்பர் வளையம் போட்டால் மின்சாரம் போகாது, பித்தளைதான் வேண்டும். ஆனால் அந்தப் பித்தளை எதிர்முனையையும் தொட்டுவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். ஆகவே வளையத்தின் உயரத்தை, எதிர்முனைத் தகட்டுக்கு எட்டாதபடி குறைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் பொறித்துள்ள கூட்டல் கழித்தல் குறிகளைப் பார்த்துவிட்டுத்தான் வளையத்துக்கு அளவு கொடுக்க வேண்டும்.

இத்தகைய வளையத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வியப்பாக இருக்கிறது. 1949இல் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஊர் அம்பத்தூர். 1965இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்த ஊர் ஆவடி. 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில், மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை விரல்நுனியால் உணரும் கடைசல்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கில் புஷ்களும் வாஷர்களும் கடைந்து கொடுக்கும் அந்த லேத் பட்டறைகளில், கழித்துப்போட்ட பித்தளைத் துண்டு ஒன்று போதும் நம் வளையத்துக்கு. ஒன்றே ஒன்று என்று போனால் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்து பத்து வளையத்துக்கு ஒரே அளவைத் தாளில் வரைந்து கொண்டுபோனால், உணவு இடைவேளைக்கு முன் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். வேலை குறைந்துவரும் சிறு பட்டறைகளின் கைத்திறன், வழக்கற்றுப்போன கருவிகளுக்கு உயிர் தரும் என்றால், அது இரண்டுக்கும் நன்மை.

மின்கலம் பொருந்திவிட்டது, முள்ளும் அசைகிறது என்பதற்காக உடனே ஒரு பிலிம் சுருளைச் செலவிட வேண்டாம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிம் செய்து தந்த நம் பொதுத்துறை நிறுவனம் இன்று இயங்கவில்லை. இறக்குமதியாகும் பிலிமின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதன்று. எனவே முதலில் சோதனை. வெள்ளையடிக்காத ஒரு சாம்பல் நிறச் சுவரை எடுத்துக்கொண்டு, நடுப்பகல் வெயில், மர நிழல், வீட்டு விளக்கு என்ற மூன்று ஒளியிலும் காமிரா சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்பகமான வேறொரு காமிராவோ கைப்பேசியின் ஒளிமானியோ சொல்வதை அதோடு ஒப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் பழைய புகைப்படக்காரர்களின் வாய்பாடு ஒன்று இருக்கிறது. மேகமற்ற வெயிலில் துவாரத்தை எஃப் 16இல் வைத்தால், 100 வேகப் பிலிமுக்கு ஷட்டர் 125இல் ஒரு நொடி. மூன்று ஒளியிலும் ஒரே அளவில் பிழை இருந்தால், பிலிம் வேக வட்டில் திருத்திக்கொள்ளலாம். மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால் குறை மின்கலத்தில் இல்லை. வயதான காட்மியம் வில்லையிலோ அரித்துப்போன கம்பியிலோ இருக்கிறது. தகட்டில் பச்சை பூத்திருந்தால், வினிகரில் தோய்த்துப் பிழிந்த பஞ்சால் மெல்லத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் ஈரம் போகத் துடையுங்கள்.

நண்பர்களே, மூன்று வழிகளில் எதைத் தேர்வது என்று கேட்டால், நான் வளையத்தின் பக்கம் நிற்பேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, பழைய நூலைப் புதிய படிப்பாளியிடம் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காக மூலத்தின் சொல்லை அவர் எளிய சொல்லாக மாற்றிவிடவில்லை. பல சுவடிகளை ஒப்பிட்டு மூலத்தை நிலைநாட்டினார். நச்சினார்க்கினியர் உரையை உடன் வைத்தார். குறிப்புகளைத் தனியே தந்தார். படிப்பவன் இடர்ப்படும்போது உரை கை கொடுக்கும். வேண்டாதவன் உரையை விலக்கிவிட்டு மூலத்தை நேரே படிக்கலாம். மூலம் அப்படியே இருக்கிறது. பித்தளை வளையமும் காமிராவுக்கு ஓர் உரை போன்றது. எடுத்துவிட்டால் காமிரா, செய்தவன் கொடுத்த நிலையிலேயே இருக்கும். நாளை இதைவிடச் சிறந்த மின்கலம் ஒன்று வரலாம். அன்று வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். சுற்றை வெட்டி ஒட்டுவதோ மூலத்தையே திருத்துவது. சில வேளைகளில் அதுவும் தவிர்க்க முடியாது. ஏட்டில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்ப வேண்டியிருப்பதைப் போல. அப்போதும் எங்கே எதை மாற்றினோம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வைத்துவிடுவது, அடுத்துத் திறப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை.

பழையது என்பதற்காக அதிலுள்ள எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். காமிராவைக் காக்கிறோம்; பாதரசத்தை விடுகிறோம். மரபைப் பற்றி இந்த மேடையில் பத்தாண்டுகளாக நாம் பேசிவந்ததும் ஏறத்தாழ இதுதான். முன்னோர் கைத்திறனுக்கு நாம் கடன்பட்டவர்கள். அவர்கள் அறியாமல் விட்டுச்சென்ற நஞ்சுக்குக் கடன்பட்டவர்கள் அல்லர். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடுவதற்கு வேண்டிய விவேகமும் கொஞ்சம் பித்தளையும் நம்மிடம் இருக்கின்றன.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குச் சென்றதும் பீரோவிலுள்ள காமிராவை எடுத்து, ஒரு நாணயத்தால் அதன் அடிமூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே பழைய மின்கலம் இருந்தால், அது பாதரச மின்கலமாக இருக்கக்கூடும். அதை உடைக்க வேண்டாம். அடுப்பிலோ குப்பை எரியும் இடத்திலோ போட வேண்டாம். குழந்தைகள் கையில் எட்ட விடவே வேண்டாம். மூடியுள்ள சிறு புட்டியில் இட்டு, மேலே எழுதி ஒட்டி வையுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய மின்கலங்களை வீட்டின் ஆபத்தான கழிவு என்று வகுத்துத் தனியே பிரிக்கச் சொல்லின. 2022ஆம் ஆண்டின் விதிகள், மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றைச் செய்பவர்கள்மீதும் இறக்குமதி செய்பவர்கள்மீதும் சுமத்தின. நாமாகத் தனித்தனியே அலையாமல், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் புட்டிகளைக் கொண்டுவந்தால், எல்லாவற்றையும் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடலாம். அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ஏற்கெனவே சுமக்கும் கழிவு போதும்.

புட்டியோடு காமிராவையும் கொண்டுவாருங்கள். வளையத்துக்கு அளவெடுத்துக்கொள்வோம்.